கிளம்பும் நாளும் கிளம்பாத நாளும்: பழைய காரின் ஸ்டார்ட்டிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய கார், வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து உட்காரும்போது அசையாமல் நின்றுவிடும். நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்பி, நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே முதல் திருப்பிலேயே ஒரு குறையும் இல்லாமல் கிளம்பும். ‘நல்லாத்தானுங்க இருக்குது’ என்று அவர் சொல்லும்போது நமக்கு மறுமொழி இருக்காது. விட்டுவிட்டு வரும் கோளாறைவிட முழுமையாகச் செத்துப்போன வண்டி எவ்வளவோ மேல் என்று பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் நினைத்திருப்பார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரங்களில் தோட்டத்துச் சாளையின் (பண்ணைவீட்டின்) ஓரக் கொட்டகையில் ஒரு பழைய கார் நிற்பது இன்றும் சாதாரணக் காட்சி. 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800, 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், பல வகை டீசல் ஜீப்புகள் என்று 15 ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பித்து ஓட்டப்படும் வண்டிகள் ஏராளம். அப்பாவிடமிருந்து வந்ததாகவோ, குறைந்த விலைக்குக் கிடைத்ததாகவோ அப்படிப்பட்ட ஒரு வண்டியை முதன்முறையாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், எழுநூறு எண்ணூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய கோளாறு, அது வெளிப்பட்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வண்டி நன்றாக இருக்கும்போது எதை மாற்றினாலும், மாற்றியதால் சரியானதா, தானாகவே அன்று சரியாக இருந்ததா என்பது தெரியாது. ஆகவே அளவெடுக்காமல் எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது. என் வண்டியில் இந்த விதியை மீறி நான் பேட்டரியையும், சாவியைத் திருப்பியதும் இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும், பிளக்குக்குப் பொறி தரும் காயிலையும் வாங்கிப் போட்டேன். கழற்றிய பழையவை மூன்றும் குற்றமற்றவை. அந்தக் கதையை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சிறிய நோட்டையும் பேனாவையும் வையுங்கள். வண்டி கிளம்ப மறுக்கும் ஒவ்வொரு முறையும், வேறு எதையும் தொடுவதற்கு முன், ஐந்து செய்திகளை எழுதுங்கள். இஞ்சின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா. கடைசியாக நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று. மழையோ பனியோ இருந்ததா. சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் கேட்டது. பிறகு எப்படிக் கிளம்பியது. ஐந்தாவதுதான் பலரும் விட்டுவிடுவது. தள்ளியதும் கிளம்பியதா, அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்ததும் தானாகக் கிளம்பியதா, பேட்டரி முனையைக் கையால் அசைத்ததும் கிளம்பியதா என்பதற்குள் பாதி விடை இருக்கிறது. ஏழெட்டு முறை எழுதிய பிறகு அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தால், தற்செயலாகத் தோன்றிய கோளாறுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும்.

தேவைப்படும் சாமான்கள் அதிகமில்லை. மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பேட்டரி முனைகளுக்கு உரிய 10ஆம் நம்பர் ஸ்பேனர், கம்பிப் பிரஷ், உப்புத்தாள், டார்ச். இவற்றோடு சாவியைத் திருப்ப ஒரு துணை ஆள் வேண்டும். வேலை தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஓர் உலோக வளையம் பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அதன் அருகே பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது.

சத்தத்தைக் கேட்டுப் பிரிப்பது

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் இஞ்சினைச் சுற்றுகிறதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று சொல்வது வைத்தியரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வதைப் போன்றது. இஞ்சின் எப்போதும்போல் ‘கிர்ர் கிர்ர்’ என்று வேகமாகச் சுற்றி, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் விட்டுவிட்டுத் தீப்பொறியையும் எரிபொருளையும் பார்க்க வேண்டும். சுற்றவே இல்லை, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் பெட்ரோலையும் பிளக்கையும் தொட வேண்டியதில்லை. மின்சாரம் போகும் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

சுற்றாத வண்டியிலும் சத்தங்கள் வேறுபடும். ‘டட டட டட’ என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனை சரியாகப் பிடிக்கவில்லை. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றால் சோலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதிய மின்சாரம் சேரவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே பிரச்சினை. எந்தச் சத்தமும் இல்லையென்றால் சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறக்கும் சுவிட்ச்), சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஆகியவற்றில் தேட வேண்டும்.

இதை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் முழுவதும் அணைந்துபோனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனைகளில் தொடர்பு இல்லை. கொஞ்சமும் மங்காமல் நின்றால் சுவிட்சின் கட்டளை செல்ஃப் மோட்டார் வரை போய்ச் சேரவில்லை. நன்றாக இருக்கும் வண்டியில் வெளிச்சம் சற்று மங்கி, இஞ்சின் கிளம்பியதும் பழையபடி வரும். சந்தைப்பேட்டையில் கையில் எதுவும் இல்லாமல் நிற்கும்போது இந்த ஒரு சோதனை மட்டுமே போதும், எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய.

பேட்டரியும் அதன் முனைகளும்

வண்டியை ஓர் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் கிளப்பும் முன் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குகூட நம்ப முடியாது. அடுத்து, துணை ஆள் செல்ஃப் அடிக்கும்போது அதே முனைகளில் அளவைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே விழுந்தால், பேட்டரியின் காலம் முடிந்தது. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ ஃபேன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை, புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் இறங்கிப்போகும்.

கரூர், ஈரோடு பக்கத்துச் சித்திரை வெயில்தான் பேட்டரிக்குப் பெரிய எதிரி. வெயில் பிளேட்டை அரித்துத் தண்ணீரை வற்றவைக்கும். அதன் விளைவு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வெளிப்படும். மூடி கழற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு பிளேட்டைக் கெடுத்துவிடும். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் பேட்டரிக்கு வேண்டாம். பேட்டரிக் கடையில், உள்ளே உள்ள திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தில் 1.250க்கு மேலே காட்டி ஒன்றில் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த ஓர் அறை செத்துவிட்டது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பைப் பார்த்ததும் பலரும் வெந்நீரை ஊற்றிக் கழுவிவிட்டு விடுகிறார்கள். அது போதாது. முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஆப்பசோடா கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்து, முனையின் வெளிப்பக்கத்தையும், அதைக் கவ்வும் கிளாம்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேயுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பிறகு கையால் திருகிப் பார்த்தால் மயிரிழைகூட நகரக் கூடாது. அதற்குப் பின்னரே மேலே வாசலைன் தடவ வேண்டும். முன்கூட்டியே தடவுவது தொடர்பைக் கெடுக்கும்.

எர்த் ஒயர்: என் நான்கு மாதங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சிறிய பெட்ரோல் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். அந்த மின்சாரம் பிளஸ் ஒயர் வழியாகப் போய் மோட்டாரைச் சுற்றிவிட்டு, இஞ்சினின் உடல் வழியாகவும், இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர் வழியாகவும் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த எர்த் ஒயர் இல்லாமல் திரும்பும் பாதை இல்லை. போகும் பாதையை எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பும் பாதையை யாரும் நினைப்பதில்லை.

என் சிறிய பெட்ரோல் கார் ஒரு மார்கழியில் தகராறு செய்யத் தொடங்கியது. பத்து முறைக்கு இரண்டு முறை ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். ஒரு கடையில் பேட்டரி போனது என்றார்கள், மாற்றினேன். இன்னொரு கடையில் செல்ஃப் என்றார்கள், மாற்றினேன். காயிலையும் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு பழையபடி ஆகும். நான்காவது மாதம் தாராபுரம் சாலையில் வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் வண்டியோடு என் நோட்டையும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. என்னை மூன்று நான்கு முறை செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிறகு, ‘இங்க வாங்க கண்ணு, இந்த சோக் கேபிளத் தொட்டுப் பாருங்க’ என்றார். தொட்டேன். இஞ்சின் இன்னும் கிளம்பவேயில்லை, ஆனால் டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளின் மேலுறை வெந்நீர்ப் பாத்திரம் போலக் கொதித்தது. பிளாஸ்டிக் இளகிய வாடையும் வந்தது. எர்த் ஒயரில் வழியில்லாததால் அத்தனை மின்சாரமும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

எர்த் ஒயரைக் கழற்றினார். மேலே பார்க்க ஒரு குறையும் இல்லை. பின்னல் செம்பு, போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. முனையில் பதிந்திருந்த வளையத்தை நகத்தால் நிமிண்டியதும் உள்ளேயிருந்து பச்சைப் பொடி கொட்டியது. இழைகளில் பாதிக்கு மேல் அரித்துப்போய் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டி குலுங்கும்போது அவை சேர்ந்தால் கிளம்பும், பிரிந்தால் கிளம்பாது. புதிய பேட்டரி போட்டபோதும் செல்ஃப் மாற்றியபோதும் அந்த ஒயரையும் அசைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியதற்கு அதுவே காரணம்.

இதை நீங்கள் மல்டிமீட்டராலேயே கண்டுபிடிக்கலாம். இஞ்சின் பற்றிக்கொள்ளாமல் வெறுமனே சுற்றும்படி செய்துகொள்ளுங்கள்: கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றலாம், கம்ப்யூட்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுக்கலாம். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையின் ஈயத்தின் மேலேயே அழுத்துங்கள், கிளாம்பின் மேல் வைக்க வேண்டாம். மற்றொரு முள்ளை இஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் வையுங்கள். துணை ஆள் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் திரும்பும் பாதை நலம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த அளவு மின்னழுத்தம் வழியில் வீணாகிறது. என் வண்டியில் 1.8 காட்டியது. அதேபோல் பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஓம் அளவில் வைத்து ஒயரைச் சோதிப்பதால் பயனில்லை. ஒரே ஓர் இழை பிடித்திருந்தாலும் மீட்டர் ‘நன்று’ என்றுதான் சொல்லும். நூறு ஆம்பியர் ஓடும்போதுதான் உண்மை வெளிவரும்.

செல்ஃப் மோட்டாரும் சுவிட்சும்

இரண்டு பாதைகளும் நலமாக இருந்து, பேட்டரியும் தேறி, அப்போதும் ‘டக்’ என்று நின்றால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், மோட்டார் எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில முறை வேலை செய்யும், சில முறை செய்யாது. அந்த நேரத்தில் மோட்டாரின் உடலில் ஸ்பேனர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டியதும் கிளம்பினால், பிரஷ்ஷோ சோலினாய்டின் உள் காண்டாக்டோ தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் மட்டும் சுற்றத் திணறினால் வெப்பம் காரணமாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள மோட்டாரில் 50 டிகிரி சூடு கூடினால் செம்புச் சுருளின் மின்தடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அச்சைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்து, சுழலும் பாகமான ஆர்மேச்சர் உரசத் தொடங்கியிருந்தால் அந்தச் சூட்டில் மோட்டார் தோற்றுவிடும்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து விடத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்தார். பம்ப்செட்டுத் தொழில் வளர்ந்த இந்த ஊர்களில் மோட்டார் காயில் கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே செல்ஃப் மோட்டாரை முழுதாக மாற்றும் முன், கழற்றி ஒரு டைனமோ-செல்ஃப் கடையில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரஷ், புஷ், சோலினாய்டு காண்டாக்ட் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் பல மோட்டார்கள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். விலை குறைந்த பெயரில்லாத புது மோட்டாரைவிட ஒழுங்காகச் சரிசெய்த பழைய மோட்டாரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எந்தச் சத்தமும் வராத வகையில், சோலினாய்டின் மெல்லிய ஒயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரியாவிட்டால் சுவிட்ச் பக்கம் கோளாறு; எரிந்தும் ‘டக்’ கேட்காவிட்டால் சோலினாய்டில் கோளாறு. மங்கலாக எரிந்தால் சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். சாவிக்கொத்தில் வீட்டுச்சாவி, கேட்டுச்சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாம் தொங்கவிட்டு ஓட்டும் பழக்கம் சுவிட்சைச் சீக்கிரம் தேய்க்கும். பழைய வண்டியில் சோலினாய்டுக்கென்று தனி ரிலே வைத்துத் தரச் சொன்னால், அந்தச் சுமை சுவிட்சிலிருந்து நீங்கிவிடும்.

நன்றாகச் சுற்றியும் பற்றாதபோது

இங்கே வண்டியின் வகையைப் பொறுத்து வழிகள் பிரிகின்றன.

கார்புரேட்டர் வண்டி சூட்டில் தகராறு செய்வது நம் பக்கத்தில் அதிகம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறி, மேலே டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்பாது. இஞ்சின் நின்றதும் ஃபேன் காற்றும் தண்ணீர் ஓட்டமும் நின்று, சூடு மேலேறிக் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். அது பொங்கி இஞ்சினுக்குள் வழிந்திருந்தால் பெட்ரோல் வாடை வரும். அப்போது ஆக்ஸிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்து நொடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். வாடையே இல்லையென்றால் குழாயிலோ பெட்ரோல் பம்ப்பிலோ ஆவி அடைத்திருக்கும்; பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் விட்டு, பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டால் சரியாகும். அடிக்கடி நிகழ்ந்தால் பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா, கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத்தடுப்பு ஷீட்டை யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா என்று பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கி வெடிப்பு விழவைக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை வளைத்துப் பார்த்து மாற்றிவிடுவது நல்லது. இது தீ விபத்தைத் தவிர்ப்பதற்கும்தான்.

பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை), கண்டன்சர் (அங்கே பொறி பறப்பதைக் குறைப்பது) உள்ள பழைய வகையானால், பாயிண்ட்டின் இரு முகங்களிலும் கரிந்த மேடும் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டன்சர் பலவீனமானது என்று பொருள். பாயிண்ட்டை மட்டும் தேய்த்து விடுவது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். ஐப்பசி மழையில் மட்டும் கிளம்பாத வண்டிக்கு ஒரு சோதனை: இரவில் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, துணை ஆளைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, எட்டி நின்று பாருங்கள். பிளக் ஒயர்களின் மேலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றியோ நீலப் பொறி ஓடினால் அங்கே ஈரம் மின்சாரத்தைத் திருடுகிறது. மூடியைக் கழற்றி உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். பென்சில் கோடு போன்ற கரிய விரிசல் தெரிந்தால் மூடியை மாற்றுங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு நொடி ‘ஊம்’ என்ற முனகல் கேட்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப். நன்றாக இருக்கும் நாளில் அந்த ஒலியைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கிளம்பாத நாளில் அது கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். இஞ்சின் செக் விளக்கு ‘ஆன்’ நிலையில் எரியவே இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போகவில்லை, மெயின் ரிலேயைப் பாருங்கள். இரவு நின்ற பிறகு நெடுநேரம் சுற்றியே கிளம்புகிறது என்றால், சாவியை மூன்று முறை ‘ஆன்–ஆஃப்’ செய்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள். உடனே கிளம்பினால் குழாயில் பெட்ரோல் அழுத்தம் இரவில் கசிந்து இறங்குகிறது. சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பினால், இஞ்சினின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரோ கேம் சென்சாரோ சூட்டில் செயலிழக்கிறது. சாவி வடிவ விளக்கு விட்டுவிட்டு மின்னினால், திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியால் முயலுங்கள். இவ்வகை வண்டிகளில் பிளக் ஒயரைக் கழற்றிக் காற்றில் பொறி அடித்துப் பார்க்கும் பழைய முறை வேண்டாம், காயிலும் கம்ப்யூட்டரும் கெட்டுப்போகும்.

டீசல் வண்டியில் ஊட்டிக் குளிரில் மட்டும் வெள்ளைப் புகையோடு திணறினால், கிளம்பும் முன் இஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைப் பாருங்கள். நான்கில் இரண்டு போயிருந்தாலும் சமவெளியில் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஓர் இரவு நின்றதும் சிரமப்பட்டால் ஏர் பிடிக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, வண்டியின் முகப்பு தாழ்ந்திருக்கும்படி சரிவில் ஓர் இரவு நிறுத்துவது. அன்று காலை உடனே கிளம்பி, மறுநாள் சமதளத்தில் சிரமப்பட்டால், எங்கோ ஒரு குழாய் இணைப்பில் காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்குகிறது. பழைய பம்ப்பில், டீசலைத் திறந்து அடைக்கும் ஸ்டாப் சோலினாய்டு இருந்தால் சாவியை ‘ஆன்’ செய்ததும் அதன் சிறிய ‘டிக்’ சத்தத்தையும் கவனியுங்கள்.

நின்றிருக்கும்போதே பேட்டரி இறங்குவது

ஒரு நாள் ஓட்டாவிட்டால் மட்டும் கிளம்பாத வண்டியில் ஏதோ ஒன்று சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் குடிக்கிறது. மைனஸ் முனையைக் கழற்றி, முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். அந்நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அரை ஆம்பியர் இருந்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது மூன்றில் ஒரு பங்கு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ அந்தப் பாதையில்தான் திருட்டு. பின்னாளில் பொருத்திய ஸ்டீரியோவும் சென்ட்ரல் லாக்கும்தான் பெரும்பாலும் அகப்படும். தென்னந்தோப்பில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் தேங்காய் நார்க் கூடே இருக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

நோட்டைக் காட்டுங்கள். ‘பேட்டரி மாத்துங்க’ என்று பொருளின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘சூடா இருக்கறப்ப மட்டும் டக்குன்னு ஒரே சத்தம் வருதுங்க, எர்த்துல 0.2தான் இருக்குது, பேட்டரி 10.4க்குக் கீழ போகல’ என்று நடந்ததையும் அளந்ததையும் சொல்லுங்கள். முடிந்தால் கோளாறு வரும் நேரத்தைக் கைபேசியில் சத்தத்தோடு படம்பிடித்து வையுங்கள். இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டு வரத் தயாராக இருங்கள். கோளாறு வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை ஏற்றுக்கொண்டால், அவசரத்தில் ஏதோ ஒன்றை மாற்றித் தரும் நெருக்கடி மெக்கானிக்குக்கும் இருக்காது. மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். காரணம் அதுவல்ல என்று தெரிந்தால் அதையே உதிரியாக மாட்டிக்கொள்ளலாம். என் பழைய காயில் இன்றும் டிக்கியில்தான் இருக்கிறது.

வழியில் நின்றுவிட்டால், இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பு ஒயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில், கடைசி முனையை உங்கள் இஞ்சினின் உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். தள்ளிக் கிளப்புவதானால் இரண்டாம் கியரில், சாவி ‘ஆன்’ நிலையில், வண்டி சற்று வேகம் எடுத்த பிறகு கிளட்சை விடுங்கள். சரிவான சாலையில் தள்ளும்போது ஓட்டுநர் இருக்கையில் பிரேக் தெரிந்த ஆள் இருக்க வேண்டும், ஏனெனில் இஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாகிவிடும்.

சரிசெய்த பிறகும் நோட்டை ஒரு மாதம் தொடருங்கள். கிளம்பிய தடவைகளையும் கோடு போட்டுக் குறியுங்கள். முன்பு பத்துக்கு இரண்டு முறை மறுத்த வண்டி, தொடர்ந்து ஐம்பது கோடு தாண்டி, அதில் மதிய வெயிலில் நிறுத்தி எடுத்ததும், மழை இரவு கழிந்து எடுத்ததும், மலை ஏறி நிறுத்தி எடுத்ததும் சேர்ந்திருந்தால், அதன் பிறகு தைரியமாக வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு பழநிக்குக் கிளம்பலாம்.